காபி மெஷின் வாட்டர் ஃபில்டர்: வடசென்னைத் தண்ணீருக்கு எப்போது மாற்றுவது, ஏன் மாற்றுவது

காபி மெஷின் வாங்கிய இரண்டாவது மாதம் திரையில் ஒரு விளக்கு எரியும். ஃபில்டரை மாற்று என்று அர்த்தம். மாற்று கார்ட்ரிட்ஜ் விலையைப் பார்த்ததும் பலரும் என்ன செய்கிறார்கள்? மெனுவுக்குள் போய் விளக்கை அணைத்துவிட்டு, பழைய ஃபில்டரோடு மாதக்கணக்கில் ஓட்டுகிறார்கள். இன்னும் சிலர் விளக்கு எரியாத வரை எல்லாம் நலம் என்று நம்புகிறார்கள்.

அந்த விளக்குக்கு உங்கள் தண்ணீரைப் பற்றி எதுவும் தெரியாது. பெரும்பாலான மெஷின்களில் அது நாளையும் லிட்டரையும் மட்டும்தான் எண்ணுகிறது. தண்டையார்பேட்டையில் போர் தண்ணீர் ஊற்றுகிற வீட்டில் அது எரிவதற்கு வெகு நாள் முன்பே ஃபில்டர் தீர்ந்து போயிருக்கும். கொளத்தூரில் ஆர்.ஓ தண்ணீர் ஊற்றுகிற வீட்டில் அந்த ஃபில்டரே தேவைப்படாமல் இருக்கலாம். ஆகவே முதலில் தண்ணீரை முடிவு செய்யுங்கள், தேதியை அப்புறம் பார்க்கலாம். இந்த விளக்கம் முழுக்க அந்த வரிசையில்தான் போகிறது.

டிகாக்‌ஷன் இறக்கும் ஃபில்டருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மெஷினின் தண்ணீர்த் தொட்டிக்குள் அடியில் செருகி இருக்கும் சின்ன பிளாஸ்டிக் குப்பியைத்தான் சொல்கிறேன். கேப்சூல் மெஷின்கள் பலவற்றில் இது இருக்காது. அவற்றை வைத்திருப்பவர்கள் படி 4-ஐ மட்டும் படித்தால் போதும்.

உள்ளே என்ன இருக்கிறது

இரண்டு பொருள்கள். ஒன்று ஆக்டிவேட்டட் கார்பன், அதாவது பதப்படுத்திய கரி. குளோரின் வாடையையும் வேறு சில மணங்களையும் அது பிடித்துக்கொள்ளும். மற்றொன்று ரெசின், கடுகைவிடச் சிறிய மணிகள். தண்ணீரில் இருக்கும் கால்சியம், மக்னீசியத்தை இந்த மணிகள் வாங்கிக்கொண்டு பதிலுக்கு ஹைட்ரஜனை விடும்.

கால்சியத்தை ஏன் எடுக்க வேண்டும்? தண்ணீரில் கால்சியம் பைகார்பனேட்டாகக் கரைந்திருப்பது சூடானால் கால்சியம் கார்பனேட்டாக மாறி, கரையாமல் படிந்துவிடும். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் பார்க்கும் வெள்ளைப் படிவு இதுதான். பாத்திரத்தைத் தேய்த்துவிடலாம். மெஷினுக்குள் தண்ணீர் சூடாகும் பாதை மிகக் குறுகலானது, கை போகாது. படிவு ஏற ஏற சூடு சரியாகக் கடத்தப்படாது, தண்ணீர் வரத்தும் குறையும், பம்பு திணறிச் சத்தம் போடும்.

ஆனால் சாதாரண உப்பை, அதாவது சோடியம் குளோரைடை, இந்த ஃபில்டர் தொடாது. வடசென்னையில் இருப்பவர்கள் முதலில் மனதில் வைக்க வேண்டிய விஷயம் இது.

படி 1: தொட்டியில் ஊற்றுவது எந்தத் தண்ணீர்?

கேள்வி சுலபமாகத் தெரியும். நம் பக்கம் அது அவ்வளவு சுலபமில்லை.

மெட்ரோ தண்ணீர் என்றால் புழல் ஏரி நீராக இருக்கலாம், கடல்நீராகவும் இருக்கலாம். 2010-ல் மீஞ்சூருக்குப் பக்கத்தில் காட்டுப்பள்ளியில் தொடங்கிய கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தின் திறன் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். வடசென்னைப் பகுதிகளுக்குத் தண்ணீர் கொடுக்கத்தான் அது கட்டப்பட்டது. ஏரித் தண்ணீரும் இதுவும் ஒரே மாதிரி இருக்காது. குளோரின் மட்டும் இரண்டிலும் உண்டு.

போர் தண்ணீர் வேறு கதை. மீஞ்சூர் பக்கத்து நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறியது பல பத்தாண்டுகளாக எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று கடலோரமாக இருக்கும் வீடுகளில் போர் தண்ணீர் வாயில் வைத்ததுமே கரிக்கும். சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. அந்தத் தண்ணீரை மெஷினில் ஊற்றிவிட்டு "ஃபில்டர் பார்த்துக்கொள்ளும்" என்று விட்டுவிடக் கூடாது. குளோரைடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையே அரித்துக் குழி விழ வைக்கும். எத்தனை ஃபில்டர் மாற்றினாலும் அது நிற்காது. நாக்கில் கரிக்கும் தண்ணீர் மெஷினுக்கு வேண்டாம். இதில் சமரசமே கிடையாது.

அடுக்குமாடியில் இருந்தால் இன்னொரு சிக்கல். மெட்ரோ குழாய்த் தண்ணீர், லாரித் தண்ணீர், போர் தண்ணீர் மூன்றும் ஒரே சம்பில் விழும். மழை முடிந்த டிசம்பரில் ஒரு தண்ணீர், மே மாதத்தில் வேறு தண்ணீர். சமையலறைக் குழாயில் வருவது எது என்று செயலாளருக்கே தெரியாது, தண்ணீர் மோட்டார் போடுகிறவரைக் கேளுங்கள். வாசலில் அடிபம்பு வைத்து மெட்ரோ தண்ணீரைத் தனியாகப் பிடிக்கிற வீட்டுக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் யோகம்தான். தங்கள் தண்ணீர் எது என்று அவர்களுக்காவது தெரியும்.

கேன் தண்ணீரும் வீட்டு ஆர்.ஓ தண்ணீரும் பெரும்பாலும் ஒரே ரகம். கால்சியம் முன்பே கழிந்திருக்கும். இவற்றைப் பற்றிக் கடைசியில்.

படி 2: அளந்து பாருங்கள்

ஆர்.ஓ விற்க வருகிறவர் பையிலிருந்து எடுக்கும் டி.டி.எஸ் மீட்டரை இதற்கு நம்பாதீர்கள். கரைந்திருக்கும் உப்புகள் அனைத்தையும் சேர்த்து அது ஒரு எண்ணைக் காட்டும். அதில் கால்சியம் எவ்வளவு, சோடியம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. 500 காட்டுகிற இரண்டு தண்ணீரில் ஒன்று மெஷினை அடைக்கும், இன்னொன்று அரிக்கும்.

நமக்கு வேண்டியது கடினத்தன்மை, அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியத்தின் அளவு. மெஷின் பெட்டியிலேயே ஒரு சோதனைப் பட்டை வைத்திருப்பார்கள், பலர் அதைக் கவனிக்காமல் பெட்டியோடு பரணில் போட்டுவிடுவார்கள். தண்ணீரில் ஒரு நொடி முக்கி எடுத்து, கையேட்டில் சொன்ன நேரம் காத்திருந்து, நிறம் மாறிய கட்டங்களை எண்ணினால் போதும். மெனுவில் தண்ணீர் நிலை 1, 2, 3, 4 என்று இருப்பது இதற்குத்தான்.

பட்டை தொலைந்துவிட்டதா? கொளத்தூர் வண்ண மீன் கடைகளுக்குப் போங்கள். மீன் வளர்ப்பவர்களுக்கும் இதே தண்ணீர்க் கவலை உண்டு என்பதால் சொட்டு மருந்து போல இருக்கும் கடினத்தன்மை கிட் அங்கே கிடைக்கும். ஜி.ஹெச் என்பது மொத்தக் கடினத்தன்மை, கே.ஹெச் என்பது கார்பனேட் கடினத்தன்மை. இரண்டும் சேர்ந்த கிட்டாக வாங்குங்கள். பெரும்பாலான கிட்களில் 5 மில்லி தண்ணீரில் ஒவ்வொரு சொட்டாக விட்டு, நிறம் மாறும் வரை எண்ண வேண்டும். ஒரு சொட்டு என்பது ஒரு ஜெர்மன் டிகிரி. காபி மெஷின் கையேடுகள் பலவும் இதே அளவைத்தான் பயன்படுத்துகின்றன, அதனால் கணக்குப் போடும் வேலை மிச்சம். லிட்டருக்கு மில்லிகிராமில் வேண்டுமென்றால் 17.8-ஆல் பெருக்குங்கள்.

இரண்டு எண்களில் எது குறைவோ அதுதான் சூட்டில் படியக்கூடிய பங்கு. நம் ஃபில்டர் முக்கியமாகப் பிடிப்பதும் அதைத்தான். மொத்தக் கடினத்தன்மை அதைவிட எக்கச்சக்கமாக இருந்தால் மீதியைப் பெருமளவு ஃபில்டர் விட்டுவிடும். அந்தத் தண்ணீரை மாற்றுவதே நல்லது.

ஒப்பிட ஒரு அளவு: இந்தியக் குடிநீர்த் தர நிர்ணயத்தின்படி மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீரே இல்லையென்றால் 600 வரை அனுமதி. ஜெர்மன் டிகிரியில் சுமார் 11, சுமார் 34. குடிக்க அனுமதி உள்ள தண்ணீர் என்பதால் மெஷினுக்கும் ஏற்றது என்று ஆகிவிடாது.

படி 3: உங்கள் தேதியை நீங்களே குறியுங்கள்

கம்பெனிகள் சொல்வது பெரும்பாலும் இரண்டு மாதம், இல்லையென்றால் சுமார் 50 லிட்டர், எது முதலில் வருகிறதோ அது. டெலோங்கி கையேட்டில் சாதாரண உபயோகத்துக்கு இரண்டு மாதம் என்று இருக்கும். ப்ரெவில் மூன்று மாதம் என்கிறது. உங்கள் மாடலின் கையேட்டைப் பாருங்கள்.

இப்போது வீட்டுக் கணக்கு. நான்கு பேர், ஆளுக்கு இரண்டு காபி, ஒவ்வொன்றுக்கும் 100 மில்லி. மெஷின் தன்னைத்தானே அலசிக்கொள்ள 200 மில்லி சேர்த்தால் ஒரு நாளைக்கு ஒரு லிட்டர். 50 லிட்டர் 50 நாளில் தீரும். தண்ணீரில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மை இருந்தால், அந்த 50 லிட்டரில் மெஷினுக்குள் போவது 10 கிராம் சுண்ணாம்புக்குச் சமம். அதுவே 400 ஆனால் 20 கிராம். ரெசின் பிடிக்கும் அளவு மாறாது என்பதால் பாதி நாளிலேயே நிரம்பிவிடும். பெரிய கடை மெஷின்களின் ஃபில்டர் அட்டையில் ஒவ்வொரு கடினத்தன்மைக்கும் எத்தனை லிட்டர் என்று தனி அட்டவணையே இருப்பது இதனால்தான்.

"அவ்வளவு குடிப்பதில்லை, நாளுக்கு ஒரு காபிதான்" என்றால் ஆறு மாதம் ஓட்டலாமா? கூடாது. குளோரினைக் கரி எடுத்துவிடுவதால் தொட்டித் தண்ணீருக்குக் காவல் போய்விடுகிறது. ஈரமான கரியும் ரெசினும் நம் ஊர் வெயிலும் சேர்ந்தால் கிருமி வளர வேறென்ன வேண்டும்? லிட்டர் கணக்கு ரெசினுக்காக, மாதக் கணக்கு சுத்தத்துக்காக. இரண்டு மாதத்தை யாரும் தாண்டாமல் இருப்பது நல்லது, கையேடு மூன்று என்று சொன்னாலும்.

ஊருக்குப் போய் மெஷின் சும்மா கிடந்தாலும் இதே நியாயம். உபயோகிக்காமல் கிடக்கும் ஃபில்டருக்கு டெலோங்கி கொடுக்கும் கெடு 3 வாரம். திரும்பி வந்ததும் பழையதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

ருசி மாறட்டும், நீராவி குறையட்டும், அப்புறம் மாற்றலாம் என்று காத்திருக்க வேண்டாம். அந்த அறிகுறி தெரியும்போது படிவு உள்ளே உட்கார்ந்தாகிவிட்டது.

படி 4: ஏற்கெனவே படிந்திருந்தால் முதலில் அதை எடுங்கள்

ஃபில்டர் இனி வரும் படிவைத்தான் தடுக்கும், இருப்பதைக் கரைக்காது. மாதக்கணக்கில் தீர்ந்த ஃபில்டரோடு ஓட்டியிருந்தால், புதியதைப் போடுவதற்கு முன் டீஸ்கேல் செய்துவிடுங்கள், அதாவது அமிலத் திரவத்தை ஓட்டிப் படிவைக் கரைத்துவிடுங்கள். கம்பெனி சொல்லும் திரவத்தையே பயன்படுத்துவது உத்தமம். வினிகர் வேண்டாம் என்று பல கையேடுகள் வெளிப்படையாகவே சொல்கின்றன. ரப்பர் வளையங்களுக்கு ஆகாது, வாடையும் லேசில் போகாது. மளிகைக் கடை எலுமிச்சை உப்பு கையேடு அனுமதித்தால் மட்டும்.

டீஸ்கேல் செய்யும்போது ஃபில்டரைக் கழற்றி வெளியே வைத்திருக்க வேண்டும். அமிலம் பட்டால் ரெசின் பிடித்து வைத்ததையெல்லாம் திரும்ப விட்டுவிடும். முடிந்ததும் தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்து இரண்டு முறை ஓட்டி அலசுங்கள்.

படி 5: மாற்றுவது

மெஷினை அணைத்துவிட்டு தொட்டியைக் கழற்றி, பழைய ஃபில்டரை எடுங்கள். தொட்டியின் உள்பக்கம் வழவழவென்று இருந்தால் பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவிக் காயவிடுங்கள்.

புதியதின் உறையை அப்போதுதான் பிரிக்க வேண்டும். அதன் தலையில் தேதி வளையம் இருந்தால் மாற்ற வேண்டிய மாதத்துக்குத் திருப்பிவையுங்கள். வளையம் இல்லையா, தொட்டிக்கு வெளியே ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டித் தேதி எழுதுங்கள். மெஷின் விளக்கைவிட நான் நம்புவது இந்த ஸ்டிக்கரைத்தான்.

அடுத்தது ஊறவைப்பது. அவசரத்தில் பலரும் விட்டுவிடும் வேலை இது. பாத்திரத்தில் குடிதண்ணீர் பிடித்து ஃபில்டரை முழுக்க அமுக்கி, குமிழ் வருவது நிற்கும் வரை வையுங்கள். ஐந்து நிமிடம் போதும். சில மாடல்களில் நடுத் துளை வழியாகத் தண்ணீர் விட்டு, பக்கத்துத் துளைகளில் வெளியே வரும் வரை காத்திருக்கச் சொல்வார்கள். உள்ளே காற்று தங்கினால் பம்பு காற்றைத்தான் இழுக்கும். சத்தம் வரும், தண்ணீர் வராது, புது ஃபில்டரே பழுது என்று நினைத்துக் கடைக்கு எடுத்துக்கொண்டு போவார்கள்.

தொட்டியில் செருகும்போது அடி வரை அழுத்துங்கள். பாதியில் நின்றால் தண்ணீர் ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு போய்விடும். தொட்டியை நிரப்பி, வெந்நீர்க் குழாய் வழியாக அரை லிட்டர் ஓட்டிக் கொட்டிவிடுங்கள். முதலில் கருப்பாகத் தூள் வரலாம். கரித்தூள்தான், பயப்பட வேண்டாம். கடைசியாக மெனுவில் ஃபில்டர் மாற்றியாயிற்று என்று பதிவு செய்யுங்கள்.

ஆர்.ஓ தண்ணீர் ஊற்றுபவர்களுக்கு

படிவு பயம் கிட்டத்தட்ட இல்லை, ஆகவே ஃபில்டரைக் கழற்றிவிட்டு மெனுவிலும் அணைத்துவிடலாம். ஆனால் இரண்டு சங்கடங்கள் உண்டு. தாது முற்றிலும் போன தண்ணீரில் காபி சப்பென்று இருக்கும். சில மெஷின்களின் தண்ணீர் மட்ட சென்சார் தண்ணீரில் மின்சாரம் கடப்பதை வைத்து வேலை செய்வதால், தொட்டி நிறைய இருந்தாலும் தண்ணீர் இல்லை என்று அடம்பிடிக்கும்.

சிறப்புக் காபிச் சங்கம் காபிக்கு ஏற்றதென்று வகுத்த டி.டி.எஸ் அளவு லிட்டருக்கு 150 மில்லிகிராம், 75 முதல் 250 வரை பரவாயில்லை. ஆர்.ஓவில் டி.டி.எஸ் திருகு, அதாவது சுத்திகரிக்காத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடும் திருகு, இருந்தால் இந்த அளவுக்கு வரும்படி திருப்பிவைக்கச் சொல்லுங்கள். உள்ளே வருவது உப்புப் போர் தண்ணீர் என்றால் திருக வேண்டாம், அந்த உப்புதான் கலந்து வரும். மெட்ரோ தண்ணீர் மட்டும் வரும் வீடென்றால் தாராளமாகச் செய்யலாம்.

மெட்ரோ தண்ணீர் கொஞ்சம் கடினமாக இருக்கிறது, ஆர்.ஓ வாங்கும் எண்ணமும் இல்லை என்பவர்கள், தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டுத் தெளிந்ததை மட்டும் மேலாக எடுத்து ஊற்றலாம். படிய வேண்டியதில் ஒரு பங்கு பாத்திரத்திலேயே படிந்துவிடும், கார்ட்ரிட்ஜும் கூடுதல் நாள் தாங்கும்.

தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் வீட்டு சாஃப்ட்னரில் கல்லுப்பு போட்டுப் புதுப்பிப்பது போல இந்தக் கார்ட்ரிட்ஜையும் உப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் புதுப்பிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. முடியாது. ஹைட்ரஜன் வகை ரெசினைப் புதுப்பிக்க அமிலம் வேண்டும், குடிக்கும் தண்ணீர்ப் பொருளில் வீட்டில் செய்யும் வேலையல்ல அது. பழையதை உலர்குப்பையில் போட்டுவிட்டு, அடுத்ததை இப்போதே ஒன்று வாங்கி உறை பிரிக்காமல் அலமாரியில் வைத்துவிடுங்கள்.