ஏர் ரைபிள் திடீரென்று குறி தப்புகிறதா? டரெட்டைத் தொடுவதற்கு முன்

போன வாரம் வரை 20 மீட்டரில் ஐந்து ரூபாய் நாணயத்துக்குள் அடங்கிய பெல்லட்டுகள் இன்றைக்கு ஒன்று இடப்பக்கம், ஒன்று மேலே, இன்னொன்று அட்டையிலேயே இல்லை என்று போனால், பெரும்பாலானவர்கள் முதலில் குறிபார்க்கும் ஸ்கோப்பின் டரெட் (குறியை நகர்த்தும் திருகு) மூடியைக் கழற்றி நாலு கிளிக் இந்தப்பக்கம், ஆறு கிளிக் அந்தப்பக்கம் என்று திருக ஆரம்பித்துவிடுகிறார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள். டரெட் இருப்பது ஒரே இடத்தில் விழும் குண்டுகளை மொத்தமாக நகர்த்த. சிதறுகிற குண்டுகளை அது சேர்த்து வைக்காது. எங்கோ ஒரு ஸ்க்ரூ தளர்ந்திருக்கும்போது டரெட்டையும் திருகிவிட்டால், எது கெட்டது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

நான் இங்கே பேசுவது பேரலை மடக்கி லோடு செய்கிற ஸ்பிரிங் ஏர் ரைபிளைப் பற்றி. டெல்டாவில் தோப்பிலும் களத்து மேட்டிலும் அட்டை வைத்துப் பழகுகிறவர்கள் கையில் பெரும்பாலும் அதுதான் இருக்கிறது. 4.5 மி.மீ. அளவும் 20 ஜூலுக்கு மேற்படாத சக்தியும் உள்ள ஏர்கன்னுக்கு 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் வேண்டாம் என்பது எல்லோருக்கும் தெரியும். உரிமம் வேண்டாம் என்றால் கொக்கு, மடையான் சுடலாம் என்று அர்த்தமில்லை. 1972 வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம். வடுவூர் ஏரி, உதயமார்த்தாண்டபுரம் பறவைச் சரணாலயங்கள் பக்கம் இருப்பவர்கள் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு கரையில் நடக்கவே வேண்டாம். அட்டைக்குப் பின்னால் மண் நிரப்பிய சாக்குகள் இருக்கட்டும். வெறும் வேலியை நம்பிச் சுடாதீர்கள், தப்பிய பெல்லட் அடுத்த வயல் தாண்டியும் போகும்.

துப்பாக்கியில் கை வைப்பதற்கு முன் பேரலை மடக்கி உள்ளே பெல்லட் இல்லை என்று கண்ணால் பாருங்கள். மடக்கிய நிலையில் வேலை செய்யும்போது ஒரு கை பேரலை விடாமல் பிடித்திருக்க வேண்டும், தப்பித் தவறி டிரிகர் விழுந்தால் அது எழும்பி வந்து விரலை முறித்துவிடும். சோதித்துப் பார்க்கிறேன் என்று பெல்லட் இல்லாமல் சுடவும் கூடாது. பிஸ்டனைத் தாங்க முன்னால் காற்று அடைபட்டிருக்காது, அது நேரே போய் மோதும், சீலும் ஸ்பிரிங்கும் கெடும்.

சரி, முதலில் அட்டையைப் படியுங்கள். காற்றில்லாத காலை நேரம், மண் நிரப்பிய ஒரு பை, அதன்மேல் உங்கள் உள்ளங்கை, கைமேல் துப்பாக்கி. பையின் மேல் நேராக வைத்தாலோ இறுக்கிப் பிடித்தாலோ ஸ்பிரிங் துப்பாக்கி ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி உதைக்கும், அதனால் லேசாகத்தான் ஏந்த வேண்டும். ஐந்து குண்டு சுட்டுப் பாருங்கள். ஐந்தும் நெருக்கமாக விழுந்து, ஆனால் கூட்டமே வேறு இடத்துக்குப் போயிருந்தால் ஸ்கோப் எங்கோ ஒருமுறை இடிபட்டு நகர்ந்திருக்கிறது, கெட்டுப்போகவில்லை. இரண்டு கூட்டமாகப் பிரிந்து விழுந்தால் ஏதோ ஒன்று இரண்டு நிலைகளுக்கு நடுவே ஆடிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு குண்டும் ஒரே திசையில் தள்ளித் தள்ளிப் போனால் மவுண்ட் (ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடித்து வைக்கும் பிடிப்பான்) ஊர்ந்துகொண்டிருக்கிறது என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். மேலும் கீழுமாக நீண்டால் வேகம் மாறுகிறது, அல்லது நீங்கள் பிடிக்கும் இடம் மாறுகிறது. கண்டபடி சிதறினால் கட்டையின் (தோளில் வைக்கும் பிடியின்) ஸ்க்ரூவில் தொடங்குங்கள்.

கட்டையைத்தான் யாரும் சந்தேகப்படுவதில்லை. முன்பக்கம் இரண்டு பக்கவாட்டிலும் ஒவ்வொரு ஸ்க்ரூ, டிரிகர் கார்டில் ஒன்றோ இரண்டோ, அவ்வளவுதான் துப்பாக்கியைக் கட்டையோடு பிடித்து வைத்திருப்பது. நம் ஊரில் மரக்கட்டைக்கு இன்னொரு தொல்லை உண்டு. ஐப்பசி கார்த்திகை மழையில் மரம் ஈரம் குடித்து உப்பும், அப்போது இறுக்கின ஸ்க்ரூ சித்திரை வெயிலில் மரம் சுருங்கியதும் தானாகவே தளர்ந்து நிற்கும். அதற்கு மேல், உறையில் போட்டு பைக்கில் குறுக்கே வைத்து வாய்க்கால் கரை ரோட்டில் கொண்டுபோனால் சொல்லவே வேண்டாம். சரியான அளவு ஆலன் கீயோ ஸ்க்ரூ டிரைவரோ போட்டு எல்லாவற்றையும் ஒரு சுற்று பாருங்கள். கால் சுற்று ஓடினால்கூடத் தளர்வுதான். மரம் நசுங்கும் அளவுக்கு முறுக்காதீர்கள், இறுகியதும் நிறுத்துங்கள். இறுக்கியபின் மறுபடி ஐந்து குண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிச் சுட்டுப் பார்க்கும் பழக்கம் வேண்டும், மூன்றைச் சேர்த்துச் சரிசெய்தால் எது காரணம் என்று தெரியாமலே போய்விடும்.

பல துப்பாக்கிகள் இதிலேயே சரியாகிவிடும். ஆகவில்லை என்றால் அடுத்தது மவுண்ட். ஸ்பிரிங் ஏர் ரைபிளில் பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும். அந்தப் பிஸ்டன் சிலிண்டர் முனையில் போய் நிற்கிற கணத்தில் துப்பாக்கி முன்பக்கமாக ஒரு வெட்டு வெட்டும். டவுன் பஸ் சட்டென்று கிளம்பும்போது நிற்கிறவர் பின்னால் சாய்வது மாதிரி, அந்த வெட்டில் துப்பாக்கி முன்னே போக, மேலே இருக்கும் ஸ்கோப் பின்னால் தங்கப் பார்க்கும். அதனால்தான் இந்த ரகத்தில் மவுண்ட் எப்போதும் கண்பக்கமாக ஊர்கிறது. வெடிமருந்துத் துப்பாக்கிக்காரர்கள் மவுண்டை முன்னால் தள்ளி வைத்து இறுக்கச் சொல்வார்கள், அது அவர்களுக்குச் சரி, நமக்குத் தலைகீழ். நாம் பின்னால் தள்ளி, தடுப்பின் மேல் முட்டவைத்து இறுக்க வேண்டும். அதே காரணத்தால், பெரிய துப்பாக்கிக்கென்று செய்த விலை உயர்ந்த ஸ்கோப்கூட ஸ்பிரிங் ஏர் ரைபிளில் உள்ளே உடைந்துபோவது உண்டு. வாங்கும்போது ஸ்பிரிங் ஏர்கன் தாங்குமா என்று கேட்டு வாங்குங்கள்.

ஊர்ந்திருக்கிறதா என்று பார்க்க, துப்பாக்கியின் மேல் மவுண்ட் உட்காரும் ரெயிலைக் கவனியுங்கள். 11 மி.மீ. டவ்டெயில் பள்ளத்தில் மவுண்டுக்கு முன்னால் பளபளவென்று புதிதாகத் தேய்ந்த தடம் தெரிந்தால் முடிந்தது. மவுண்டில் ஸ்கோப்பைச் சுற்றிப் பிடிக்கும் ரிங்குக்குள் ஸ்கோப் குழாயே வழுக்குவதும் உண்டு, அப்போது குழாயின் மேல் ரிங்கை ஒட்டிக் கீறல் தெரியும். தடம் எதுவும் இல்லையென்றால் ஒரு கையால் ஸ்கோப்பையும் மறுகையால் பேரல் பக்கத்தையும் பிடித்து லேசாக முறுக்கிப் பாருங்கள், துளி ஆட்டமும் இருக்கக் கூடாது.

மாட்டும்போது ஆர அமர மாட்டுங்கள். எல்லாவற்றையும் கழற்றி ரெயில், மவுண்டின் பல், ரிங்கின் உட்பக்கம், ஸ்க்ரூவின் மரை என்று அத்தனையிலும் எண்ணெய்ப் பசையைத் துடைத்து எடுக்க வேண்டும். செல்போன் சர்வீஸ் கடைக்காரர்கள் வைத்திருக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இதற்குப் போதும். கை கழுவும் சானிடைசரைப் போடாதீர்கள், அதில் கிளிசரின் இருக்கும், பசை போகாது, கூடும். மவுண்ட் வாங்குவதாக இருந்தால் இரண்டு தனி ரிங்கை விட ஒரே துண்டாக வரும் மவுண்டுக்குத்தான் என் ஓட்டு, ரெயிலைப் பிடிக்கும் பரப்பு அதில் அதிகம். அதன் அடியில் ஒரு சின்னத் தடுப்பு முள் இருக்கும். ரெயிலில் அதற்கென்று குழி இருந்தால் முள்ளை அதில் இறக்குங்கள். குழி இல்லாத துப்பாக்கி என்றால் மவுண்டுக்குப் பின்னால் தனியாக ஒரு தடுப்புக் கட்டை மாட்டலாம். ரெயிலில் நீங்களாக டிரில் போடக் கிளம்ப வேண்டாம், கீழே இருப்பது பிஸ்டன் ஓடும் சிலிண்டர்.

அடிப்பக்க ஸ்க்ரூக்களுக்கு, அவை தளராமல் பிடிக்கும் நீல நிற லாக்டைட் ஒரு சின்னத் துளி போதும். சிவப்பு வேண்டவே வேண்டாம், சூடு காட்டாமல் அது கழன்று வராது. நீலத்துக்கு முழுதாக இறுக ஒரு நாள் விட வேண்டும், பூசிய கையோடு சுடாதீர்கள். மேல் ரிங் மூடி ஸ்க்ரூக்களில் நான் எதுவும் போடுவதில்லை. எண்ணெய் இல்லாமல் சமமாக இறுக்கினால் அவை நிற்கும், லாக்டைட் போட்டால் அது வழுக்கலாகி அளவுக்கு மீறி முறுக்க வைத்துவிடும்.

ஸ்கோப்பை ரிங்கில் வைத்ததும் வழக்கமாகச் சுடுவதுபோல் கன்னத்தை வைத்து, முழு வட்டமும் தெரியும் தூரத்துக்கு முன்பின் நகர்த்துங்கள். நேர் பார்க்க, கொத்தனாரிடம் தூக்குக்குண்டு வாங்கித் தென்னையில் தொங்கவிட்டு, ரெயிலின் மேல் ரசமட்டத்தை வைத்துத் துப்பாக்கியை நேராக்கி, ஸ்கோப்பின் செங்குத்துக் கோடு அந்த நூலோடு பொருந்துகிற வரை திருப்புங்கள். அப்புறம் ரிங் ஸ்க்ரூக்களைக் குறுக்கு மறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள், மூடிக்கு இரண்டு பக்கமும் இடைவெளி சமமாக இருக்கட்டும். முறுக்கு விசையை அளந்து இறுக்கும் டார்க் ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் ரிங்குக்கு 1.7 முதல் 2 நியூட்டன் மீட்டர் பொதுவாகப் போதும். மவுண்ட் பெட்டியில் வேறு அளவு எழுதியிருந்தால் அதுதான் கணக்கு. டிரைவர் இல்லையா, ஆலன் கீயின் நீளப் பக்கத்தை ஸ்க்ரூவில் விட்டு, குட்டைப் பக்கத்தை இரண்டு விரலால் மட்டும் திருப்புங்கள், அதற்கு மேல் முறுக்க வராது. ஸ்கோப் குழாய் மெல்லிய அலுமினியம், நசுங்கினால் உள்ளே கிளிக் ஓடாது.

கடைசியில், எது நகர்ந்தாலும் பிறகு தெரிய, ஒவ்வொரு ஸ்க்ரூ தலையிலிருந்தும் மவுண்ட் மேல் வரை நெயில் பாலிஷால் ஒரு கோடு. மவுண்டின் பின் விளிம்பை ஒட்டி ரெயிலில் இன்னொரு கோடு.

மவுண்ட் உறுதி, கட்டை உறுதி, ஆனாலும் சிதறுகிறது என்றால்தான் ஸ்கோப்பைச் சந்தேகப்பட வேண்டும். துப்பாக்கியில் சாதா குறி (பேரல் மேலேயே இருக்கும் குறிமுள்) இருந்தால் ஸ்கோப்பைக் கழற்றிவிட்டு அதிலேயே சுடுங்கள். குண்டுகள் கூடினால் குற்றவாளி ஸ்கோப்தான். கால் எம்ஓஏ (டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு ஒரு எம்ஓஏ) கிளிக் உள்ள ஸ்கோப்பில் ஒரு கிளிக் 20 மீட்டரில் ஏறக்குறைய 1.5 மி.மீ. நகர்த்தும். ஒரே புள்ளியைக் குறிவைத்து, 20 கிளிக் மேலே, 20 வலது, 20 கீழே, 20 இடது என்று நிறுத்தி நிறுத்திச் சுட்டால் அட்டையில் மூன்று செ.மீ. பக்கமுள்ள ஒரு சதுரம் வந்து, கடைசிக் குண்டு முதல் இடத்துக்கே திரும்ப வேண்டும். திரும்பவில்லையா, உள்ளே ஸ்பிரிங் போய்விட்டது. ஆனால் அதற்கு முன் டரெட் அதன் கோடிக்கே போயிருக்கிறதா பாருங்கள். மடக்கு பேரல் துப்பாக்கிகளில் பேரல் முனை லேசாகத் தாழ்ந்திருப்பது சகஜம், அதை ஈடுகட்ட மேலே மேலே திருகி, உள்ளே ஸ்பிரிங் பிடிப்பில்லாமல் ஆகி, ஒவ்வொரு உதைக்கும் கோடு நடுங்கும். பின் ரிங்குக்குள், குழாயின் அடியில் பழைய போட்டோ நெகட்டிவ் துண்டு ஒன்று வைத்தால் டரெட்டை நடுவுக்குக் கொண்டுவரலாம். மார்கழிக் காலையில் லென்ஸ் வெளியே பனிப்பது இயல்பு, உள்ளே பனித்தால் சீல் போய்விட்டது, அதை வீட்டில் பிரிக்காதீர்கள்.

மற்றவை சீக்கிரம் பார்த்துவிடக்கூடியவை. பேரலை மூடியபின் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தால் ஆடக் கூடாது, ஆடினால் மடிப்பு போல்ட் தளர்ந்திருக்கிறது. பேரலை மூடியபின், பின்வாய் ரப்பர் இருக்கும் இணைப்பின் மேல் வெளியே ஒரு டிஷ்யூ கீற்றை வைத்துச் சுடுங்கள். கீற்று பறந்தால் காற்று கசிகிறது, ரப்பர் மாற்ற வேண்டும். பேரல் முனையில் துரு, நசுங்கல் இருக்கிறதா, முனையில் மாட்டிய மஸில் பிரேக் கோணலாக இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் உப்புக்காற்றில் துருப் பிடிக்க அதிக நாள் ஆகாது, ஸ்பான்ஜ் வைத்த பெட்டியில் ஈரத்தோடு மூடி வைத்தால் இன்னும் சீக்கிரம். பெல்லட் டப்பா புதிதா, பாவாடை (பெல்லட்டின் விரிந்த பின்பகுதி) நசுங்கியவை கலந்திருக்கின்றனவா என்றும் கவனியுங்கள். ஈயம் தொட்ட கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள். சுடும்போது புகையும் கருகல் வாடையும் பட்டாசுச் சத்தமும் வந்தால் யாரோ தையல் மிஷின் எண்ணெயோ தேங்காய் எண்ணெயோ உள்ளே விட்டிருக்கிறார்கள். சிலிண்டருக்குள் அது எரிந்து ஒவ்வொரு குண்டுக்கும் ஒவ்வொரு வேகம் கொடுக்கும். மாறாக, சத்தம் மந்தமாகி மடக்கும்போது கரகரவென்று வந்தால் ஸ்பிரிங் உடைந்திருக்கலாம், அதை அழுத்திப் பிடித்துக் கழற்றும் கருவி வைத்திருக்கிற, வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள்.

எல்லாம் முடிந்து குண்டுகள் மறுபடி கூடிய பிறகுதான் டரெட். முதலில் 10 மீட்டரில் பெரிய அட்டை வைத்து நடுவுக்குக் கொண்டுவந்து, அப்புறம் 20க்குப் போங்கள். ஆடிக்காற்று அடிக்கிற நாளில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள், 4.5 மி.மீ. பெல்லட்டை அது நன்றாகவே தள்ளும், காற்றுக்காகத் திருகிய கிளிக்கை மறுநாள் திருப்பித் திருக வேண்டிவரும். 20 மீட்டரில் நின்றதும் ஒரு முப்பது நாற்பது குண்டு சுட்டுவிட்டு நெயில் பாலிஷ் கோடுகளைப் பாருங்கள். ஸ்க்ரூ கோடு பிளந்திருந்தால் அந்த ஸ்க்ரூவை மட்டும் கழற்றித் துடைத்து மறுபடி இறுக்குங்கள். ஸ்க்ரூ கோடுகள் நேராக இருந்து ரெயில் கோட்டின் மேல் மவுண்ட் ஏறியிருந்தால், எவ்வளவு இறுக்கினாலும் பலனில்லை, தடுப்புக் கட்டை வாங்கியே ஆக வேண்டும்.