காடை முட்டையை அடைவைத்தால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

ஜப்பானியக் காடை அடைகாப்பதை ஏறக்குறைய மறந்தேவிட்டது. கூண்டில் முட்டையிடும், அதோடு சரி. வீட்டில் குஞ்சு வேண்டுமென்றால் இன்குபேட்டர்தான் வழி. தெர்மாகோல் பெட்டியில் பல்பும் சிறு விசிறியும் வைத்துச் செய்தது போதும். பெட்டியால் கெடும் முட்டையைவிட நம் கையால் கெடும் முட்டைதான் அதிகம்.

முதல் தவறு பெட்டிக்கு வெளியிலேயே நடந்துவிடுகிறது. கடையில் சமையலுக்கு விற்கும் முட்டையை வாங்கி அடுக்குகிறோம். முட்டைக்காக மட்டும் வளர்க்கும் இடங்களில் பெரும்பாலும் ஆண் காடையைச் சேர்ப்பதில்லை, பிறகு கரு எங்கிருந்து வரும்? ஆணும் பெண்ணும் சேர்ந்திருக்கும் கூண்டிலிருந்து, ஒரு வாரத்துக்குள் இட்ட முட்டையாகப் பார்த்து வாங்குங்கள். ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். எச்சம் ஒட்டியிருக்கிறதே என்று கழுவவும் வேண்டாம். ஓட்டின் மேல் உள்ள பாதுகாப்புப் படலம் போய்விடும்.

விசிறி உள்ள பெட்டியில் 37.5 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். தெர்மாமீட்டரைப் பல்புக்குப் பக்கத்தில் தொங்கவிட்டால் அது பல்பின் சூட்டைத்தான் சொல்லும். முட்டை மட்டத்தில் வையுங்கள். மலிவான மீட்டர் அரை டிகிரி பொய் சொல்வது சாதாரணம். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரோடு ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள்.

டார்ச் அடித்துக் கரு பார்ப்பதில்தான் அவசரம் அதிகம். கோழி முட்டை பார்த்துப் பழகியவர்கள் மூன்றாம் நாளே தொடங்கிவிடுவார்கள். காடை முட்டையின் ஓடு முழுக்கப் பழுப்புப் புள்ளி. ரத்த நரம்பு எது, புள்ளி எது என்று அப்போது தெரியாது. நானும் ஐந்தாம் நாளில் ‘கூமுட்டை’ என்று ஆறு முட்டைகளை ஒதுக்கி, உடைத்துப் பார்த்தேன். இரண்டில் சிவப்பு நரம்பு ஓடிக்கொண்டிருந்தது. ஏழாம் நாளுக்குமேல், இருட்டறையில், எல்இடி டார்ச்சின் வாயில் சிறு துளையிட்ட அட்டையை ஒட்டி, முட்டையின் அகன்ற முனையை அதில் பொருத்துங்கள். ஒரே மஞ்சளாக ஒளிர்ந்தால் கரு இல்லை. கரும்பொட்டும் அதிலிருந்து கிளைவிடும் நரம்புகளும் தெரிந்தால் உயிர் இருக்கிறது. நரம்பில்லாமல் சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால் கரு இறந்துவிட்டது. சந்தேகமானால் உள்ளேயே இருக்கட்டும். நாற்றமடிப்பதையும் கசிவதையும் மட்டும் உடனே எடுத்துவிடுங்கள்.

முட்டையை நாளுக்கு மூன்று முறையாவது திருப்ப வேண்டும். 14ஆம் நாளோடு அதை நிறுத்திவிட வேண்டும். பலர் கடைசிவரை திருப்பி, தலையைச் சரியான இடத்தில் பொருத்திக்கொண்டிருக்கும் குஞ்சைக் குழப்பிவிடுகிறார்கள். அதுவரை 50 சதவீத அளவில் இருந்த ஈரப்பதத்தை குஞ்சு பொரிவதற்கு முந்தைய அந்தக் கடைசி மூன்று நாளும் 65 முதல் 70 வரை உயர்த்துங்கள்.

17ஆம் நாளில் ஓட்டில் முதல் துளை தெரிந்ததும் மூடியைத் திறக்கத் தோன்றும். திறந்தால் ஈரம் போய், உள்சவ்வு காய்ந்து, மற்ற குஞ்சுகள் ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். வெளியே வந்த குஞ்சு பசியில் துடிக்குமே என்ற கவலையும் வேண்டாம், வயிற்றில் இருக்கும் மஞ்சள் கரு ஒரு நாளுக்குத் தாங்கும். உடல் காய்ந்து பஞ்சாக உப்பிய பிறகு வேறு பெட்டிக்கு மாற்றலாம். அங்கே குடிக்க வைக்கும் தண்ணீர்த் தட்டில் மட்டும் கோலிக்குண்டுகளைப் போட்டு வையுங்கள். ஏழெட்டுக் கிராம் குஞ்சு விரற்கடை ஆழத் தண்ணீரிலேயே மூழ்கிவிடும்.