டேபிளின் ஓனர் யார்? டெவலப்பர் குழுவுக்கு டேட்டாபேஸ் பர்மிஷன் கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருஷ்ணகிரியில் மாங்காய் சீசன் வந்துவிட்டால் மாங்கூழ் தொழிற்சாலை வாசல்களில் ராத்திரி பகல் பார்க்காமல் லாரியும் டிராக்டரும் வரிசை கட்டி நிற்கும். அப்படி ஒரு தொழிற்சாலையின் எடைமேடைக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்த ஆறு பேரில் நானும் ஒருவன். போன சீசனில் ஒருநாள் இரவு ஒன்பதரைக்கு போன். "அண்ணா, எடை போட்டா சீட்டு வரமாட்டேங்குது, பின்னாடி இருபது லோடு நிக்குது" என்றார் எடைமேடைத் தம்பி. நடந்ததை எல்லாம் பதியும் லாகைத் திறந்தால் 'பர்மிஷன் டினைடு' என்ற ஒரே வரி திரும்பத் திரும்ப ஓடுகிறது.

அன்று சாயங்காலம்தான் எங்களில் ஒருவர், கழிவு எடையைத் தனியாக வைக்க டேட்டாபேஸில் ஒரு புது டேபிள் (தகவல் அட்டவணை) போட்டிருந்தார், தன் சொந்த லாகினிலிருந்து. அவர் பார்த்தவரை எல்லாம் சரியாக ஓடியது. ஆப் உள்ளே நுழையும் லாகினுக்கு மட்டும் அந்த டேபிளில் எந்த உரிமையும் இல்லை. சரி செய்ய ஒரு நிமிடம் போதுமாக இருந்தது, ஆனால் 'எல்லா டேபிளுக்கும் போன மாதமே கிராண்ட் (உரிமை தரும் கட்டளை) கொடுத்தாச்சே' என்று நம்பிக்கொண்டு வேறு எங்கெங்கோ தேடியதில் நாற்பது நிமிடம் போய்விட்டது. அதுவரை காலையில் பறித்த பெங்களூரா மாங்காய் லாரியிலேயே கிடந்தது, கொண்டுவந்தவர்கள் கீழே நின்றுகொண்டிருந்தார்கள்.

முதல் தவறு அந்த நம்பிக்கைதான். போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் 'கிராண்ட் ஆன் ஆல் டேபிள்ஸ் இன் ஸ்கீமா' என்று கொடுத்தால், அந்த ஸ்கீமாவில் (டேபிள்களை வைக்கும் தொகுதியில்) அந்த நிமிடம் இருக்கிற டேபிள்களுக்கு மட்டுமே அது பொருந்தும். நாளைக்குப் பிறக்கும் டேபிளுக்கு அந்த உரிமை தானாக வராது. அதற்கு இருப்பது 'ஆல்டர் டீஃபால்ட் பிரிவிலேஜஸ்'. இதைத் தெரிந்துகொண்டவர்கள்கூட அடுத்த பள்ளத்தில் விழுகிறார்கள், ஏனென்றால் அந்தக் கட்டளை யார் பெயரில் கொடுக்கப்பட்டதோ அவர் உருவாக்கும் டேபிள்களுக்குத்தான் செல்லும். குழுவுக்கென்று ஒரு ரோல் (உரிமைகளை ஏற்கும் ஒரு பெயர்) வைத்து, அதன் பெயரில் கொடுத்திருந்தாலும், குழுவில் உள்ள ஒருவர் தன் லாகினிலேயே டேபிள் போட்டால் குழுவின் ஏற்பாடு அவருக்குத் தொற்றாது. எங்களுக்கு நடந்தது அச்சு அசல் இதுதான்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி 'யாருக்கு என்ன பர்மிஷன்' என்பது அல்ல, 'டேபிளின் ஓனர் யார்' என்பதுதான். படிக்க, எழுத, அழிக்க எல்லா உரிமையும் கிராண்டில் கொடுத்துவிடலாம். ஆனால் ஒரு காலம் (column, டேபிளின் நெடுவரிசை) சேர்ப்பதையோ டேபிளையே நீக்குவதையோ கிராண்டால் கொடுக்க முடியாது, அது ஓனருக்கும் ஓனர் ரோலில் உறுப்பினராக இருப்பவருக்கும் எல்லா அதிகாரமும் உள்ள சூப்பர்யூசருக்கும் மட்டும்தான் (டேபிளை நீக்குவது மட்டும் ஸ்கீமாவின் ஓனராலும் முடியும்). ஆறு பேர் ஆளுக்கொரு டேபிள் போட்டு வைத்தால், ஒருவர் லீவில் போன அன்று மற்றவருக்கு 'மஸ்ட் பி ஓனர்' என்று முகத்தில் அடிக்கும்.

இதற்கு வழி இருக்கிறது. லாகின் செய்யவே முடியாத ஒரு ரோலை உருவாக்கி, எல்லா டேபிளுக்கும் அதையே ஓனர் ஆக்குங்கள். ஆறு பேரையும் அதில் உறுப்பினர் ஆக்குங்கள். அப்புறம் ஒவ்வொருவர் லாகினுக்கும் 'ஆல்டர் ரோல் ... செட் ரோல்' என்று ஒருமுறை கொடுத்துவிட்டால், அவர் உள்ளே வந்ததுமே அந்தப் பொது ரோலாக மாறிவிடுவார், அவர் போடும் டேபிளும் பொதுச் சொத்தாகவே பிறக்கும். யாராக லாகின் செய்தார் என்பதும் தொலையாது, லாக் வரியில் பெயரைப் பதியும்படி வைத்திருந்தால் அவர் சொந்தப் பெயரே பதிவாகும்.

இந்தக் கடைசி விஷயம் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. மேலே சொன்ன தொல்லைக்குப் பயந்து பலர் எடுக்கும் குறுக்குவழி, எல்லோரும் ஒரே லாகின், ஒரே பாஸ்வேர்ட், அதுவும் வாட்ஸ்அப் குரூப்பில் பின் செய்து வைத்தது. கொஞ்ச நாளைக்குச் சுகமாகத்தான் இருக்கும். ஒருநாள் யாரோ எந்த வரிகளை மாற்ற வேண்டும் என்று சொல்லும் 'வேர்' (where) போடாமல் ஒரு அப்டேட்டை ஓட்டி எல்லா விவசாயிக்கும் ஒரே கிலோ விலை விழுந்துவிட்டால், யார் செய்தது என்று லாகில் தேடவே முடியாது, ஆறு பேரும் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்க்க வேண்டியதுதான். ஒருவர் வேலையை விட்டுப் போனாலோ எல்லோருக்கும் பாஸ்வேர்ட் மாற்ற வேண்டும், அதனாலேயே யாரும் மாற்றுவதில்லை.

சின்னதாகச் சில. ஸ்கீமாவுக்கு 'யூசேஜ்' (உள்ளே நுழையும் உரிமை) இல்லாமல் டேபிளுக்கு மட்டும் கிராண்ட் கொடுத்துப் பயனில்லை. எண் தானாக ஏறும் 'சீரியல்' காலம் உள்ள டேபிளில் புது வரி சேர்க்க, அந்த எண்ணைக் கொடுக்கும் சீக்வென்ஸுக்கும் உரிமை வேண்டும், அதே வேலையைச் செய்யும் ஐடென்டிட்டி காலம் என்றால் அது தேவையில்லை. 2022ல் வந்த போஸ்ட்கிரஸ் 15லிருந்து 'பப்ளிக்' ஸ்கீமாவில் யார் வேண்டுமானாலும் டேபிள் போடலாம் என்ற பழைய வழக்கம் நின்றுவிட்டது, ஆனால் புதிதாக உருவாக்கும் டேட்டாபேஸுக்குத்தான், பழையதை அப்கிரேட் செய்து கொண்டுவந்திருந்தால் கதவு திறந்தேதான் இருக்கும், நீங்களே சாத்த வேண்டும். இன்னொரு டேட்டாபேஸ் மென்பொருளான மைஸீக்குவல் 8.0ல் ரோல் வசதி இருக்கிறது, ஆனால் ரோலைக் கொடுத்தால் மட்டும் போதாது, 'செட் டீஃபால்ட் ரோல்' கொடுக்காவிட்டால் லாகின் செய்தபிறகும் அது தூங்கிக்கொண்டே இருக்கும்.

ஆப் லாகினையே ஓனராக வைப்பதும் தவறு. ஆப்புக்கு வரி படிக்கவும் எழுதவும் தெரிந்தால் போதும். டேபிளையே நீக்கும் அதிகாரம் எதற்கு? டேபிள்களின் அமைப்பை மாற்றும் மைக்ரேஷனுக்குத் தனி லாகின் வையுங்கள். ப்ரொடக்‌ஷன் டேட்டாவைப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறவருக்குப் படிக்க மட்டும் உரிமை கொடுங்கள். பெங்களூருவில் பெரிய கம்பெனியில் இருந்துவிட்டு ஊர் திரும்பிய சீனியராகவே இருக்கட்டும், சூப்பர்யூசர் வேண்டாம்.

ஆள் விலகிப் போகும்போது லாகினை நீக்கப் போனால் 'இதை நம்பிச் சில டேபிள்கள் இருக்கின்றன' என்று மறுத்துவிடும். 'ரீஅசைன் ஓன்ட்' கொடுத்து டேபிள்களைப் பொது ரோலுக்கு மாற்றி, 'டிராப் ஓன்ட்' கொடுத்து மிச்ச உரிமைகளைத் துடைத்து, அதன்பிறகுதான் நீக்க வேண்டும். இரண்டையும் அந்த ஆள் கைவைத்த ஒவ்வொரு டேட்டாபேஸிலும் தனித்தனியாக ஓட்ட வேண்டும், இதைத்தான் மறந்துவிடுவார்கள்.

இப்போது சீசன் தொடங்குவதற்கு முன்பே ஒரு மத்தியானத்தை இதற்கென்று ஒதுக்குகிறோம். ஆறு பேரும் அவரவர் லாகினிலிருந்து ஒரு டம்மி டேபிள் போடுவார்கள், நான் ஆப் லாகினில் உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் ஒரு வரி எழுதிப் பார்ப்பேன். இந்த வருடம் ஐந்து ஓடியது, ஆறாவது மறுத்தது. புதிதாகச் சேர்ந்த தங்கையின் லாகினுக்கு 'செட் ரோல்' கொடுக்க விட்டுப்போயிருந்தது. எடைமேடையில் அப்போது ஒரு லோடுகூட இல்லை.