காது அறுவை மருத்துவராக விரும்பும் நெல்லை மாணவர்களுக்கு

நீட் தேர்வில் தேறி, பாளையங்கோட்டை ஐகிரவுண்டிலுள்ள திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி போன்ற ஒன்றில் எம்.பி.பி.எஸ். சேருங்கள், பயிற்சிக் காலத்தையும் சேர்த்து அது ஐந்தரை ஆண்டுகள். பிறகு முதுநிலை நீட் எழுதி, காது மூக்கு தொண்டைப் பிரிவில் 3 ஆண்டு எம்.எஸ். படிக்க வேண்டும்.

அந்த ஆண்டுகளில், காதைச் சூழ்ந்த பொட்டெலும்பை நுண்ணோக்கியின் கீழ் துளையிட்டுப் பழகுவதற்கே அதிக நேரம் ஒதுக்குங்கள். முகநரம்பு அதனூடே ஓடுவதால், கருவி சற்றே விலகி அதைச் சேதப்படுத்தினாலும் நோயாளியின் முகம் ஒருபக்கம் கோணிவிடும்; நடுக்காதில் சுமார் 3 மில்லிமீட்டர் உயரமே உள்ள அங்கவடி எலும்பைத் தொடும் கைக்கு நடுக்கம் ஆகாது.

கைத்திறனுக்கு இணையாகவே பேச்சையும் நான் மதிக்கிறேன். காது கேட்பதற்காக உட்காதில் காக்ளியர் கருவி பொருத்திய குழந்தைக்குப் பேச்சுப் பயிற்சி நெடுங்காலம் தொடர வேண்டும் என்பதை, அம்பாசமுத்திரத்திலிருந்தோ திசையன்விளையிலிருந்தோ வரும் தாய்க்கு அவசரமின்றி விளக்குங்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட உதவியையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.