விண்டோஸ் கணினியின் உள்வெப்பநிலையை எச்டபிள்யூஇன்ஃபோ கொண்டு கண்காணிக்கும் முறை

விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் பிராசசர் எத்தனை சதவீதம் உழைக்கிறது, நினைவகம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதெல்லாம் தெரியும். 2020 மே மாதப் புதுப்பிப்பு முதல் தனி கிராஃபிக்ஸ் கார்டின் வெப்பநிலைகூட அதில் இடம்பெறுகிறது. ஆனால் பலரும் முதலில் தேடுகிற பிராசசரின் வெப்பநிலையை அது காட்டுவதில்லை. அதற்குத் தனி மென்பொருள் ஒன்று வேண்டும். கோர் டெம்ப், லிப்ரே ஹார்டுவேர் மானிட்டர் எனப் பல இருந்தாலும், இங்கே எச்டபிள்யூஇன்ஃபோ (HWiNFO) என்ற மென்பொருளை எடுத்துக்கொள்கிறேன். வீட்டுப் பயன்பாட்டுக்கு இது இலவசம் என்பதோடு, ஏறக்குறைய எல்லா மதர்போர்டுகளின் சென்சார்களையும் அடையாளம் காண்கிறது. ஒரு காலத்தில் பலரும் பயன்படுத்திய ஸ்பீடுஃபேன் பல ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படாததால், புதிய கணினிகளில் அதை நிறுவுவதில் பயனில்லை.

மென்பொருளை அதன் சொந்த இணையதளத்திலிருந்து மட்டுமே பதிவிறக்க வேண்டும். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சென்சார்களைப் படிப்பதற்கு இவ்வகை மென்பொருள்கள் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் வரை செல்லும் டிரைவர் (வன்பொருளோடு பேச உதவும் சிறு நிரல்) ஒன்றை நிறுவுகின்றன. அதனால்தான் திறக்கும்போது நிர்வாகி அனுமதி கேட்கப்படுகிறது. பல கண்காணிப்பு மென்பொருள்கள் பொதுவாகப் பயன்படுத்திவந்த வின்ரிங்0 என்ற டிரைவரில் பாதுகாப்புக் குறை இருந்ததால், 2025 மார்ச் மாதத்தில் விண்டோஸோடு வரும் பாதுகாப்பு மென்பொருளான மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் அதை ஆபத்தானதாக அடையாளம் காட்டத் தொடங்கியது. வெப்பநிலையைக் காட்டிக்கொண்டிருந்த மென்பொருள் திடீரென்று வேலை செய்யாமல் போயிருந்தால், இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அப்படிப்பட்ட நிலையில் டிஃபெண்டரை அணைத்துவிடுவது தவறான வழி. மென்பொருளின் புதிய பதிப்பைத் தேடுவதே முறை.

எச்டபிள்யூஇன்ஃபோவில் நிறுவத்தக்க பதிப்பும், நிறுவாமல் நேரடியாக இயக்கத்தக்க பதிப்பும் கிடைக்கின்றன. ஒருமுறை சோதித்துப் பார்க்க இரண்டாவதே போதும். திறந்தவுடன் தோன்றும் சிறு சாளரத்தில் ‘சென்சார்ஸ் ஒன்லி’ என்பதைத் தேர்ந்தெடுத்து ‘ஸ்டார்ட்’ பொத்தானை அழுத்தினால், கணினியின் பிற விவரங்களை விட்டுவிட்டு சென்சார் பட்டியல் மட்டும் திறக்கும். சில மடிக்கணினிகளில், உட்பொதிந்த கட்டுப்பாட்டுச் சில்லைப் படிப்பதால் கணினி மந்தமாகலாம் என்ற எச்சரிக்கை வரும். அந்தச் சில்லைத் தவிர்த்துவிடச் சொல்வதே நல்லது. வேறு கண்காணிப்பு மென்பொருள் ஏதேனும் ஓடிக்கொண்டிருந்தால் அதை முதலில் மூடிவிட வேண்டும். இரண்டு மென்பொருள்கள் ஒரே சில்லை ஒரே சமயத்தில் படிக்க முயன்றால், விசிறியின் வேகம் பூச்சியம் என்றும் வெப்பநிலை 200 பாகை (செல்சியஸ்) என்றும் பொருந்தாத எண்கள் இடையிடையே வந்து போகும்.

பட்டியல் திறந்ததும் நூற்றுக்கணக்கான வரிகளைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வரியிலும் நான்கு எண்கள் உண்டு: இப்போதைய அளவு, குறைந்த அளவு, உயர்ந்த அளவு, சராசரி. பெரும்பாலோர் முதல் எண்ணையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். என் கருத்தில் அந்த நான்கில் மிகக் குறைவாகப் பயன்படுவது அதுதான். விளையாட்டையோ வீடியோ எடிட்டிங்கையோ நிறுத்திவிட்டு இந்தச் சாளரத்துக்கு மாறும் சில நொடிகளுக்குள் பிராசசரின் சூடு கணிசமாக இறங்கிவிடும் என்பதால், உழைப்பின்போது என்ன நடந்தது என்பதை உயர்ந்த அளவு மட்டுமே சொல்லும். தேவையற்ற வரிகளின் மேல் வலது சொடுக்கு செய்து மறைத்துவிடலாம். தேவையானவற்றுக்கு விருப்பமான பெயரும் இடலாம்.

எந்த வரிகளை வைத்துக்கொள்வது? பிராசசரில் இருந்து தொடங்கலாம். இன்டெல் பிராசசரில் கணக்கிடும் அலகான ஒவ்வொரு கோருக்குள்ளும் இருக்கும் டிஜிட்டல் சென்சார் வெப்பநிலையை நேரடியாகச் சொல்வதில்லை. அந்தப் பிராசசருக்கு வகுக்கப்பட்ட உச்ச வரம்புக்கு இன்னும் எத்தனை பாகை மீதமிருக்கிறது என்பதையே அது சொல்கிறது. மென்பொருள் அதை வரம்பிலிருந்து கழித்து நமக்குக் காட்டுகிறது. வரம்பு 100 பாகையாக இருந்து சென்சார் 38 என்று சொன்னால் திரையில் 62 தெரியும். வரம்பை நெருங்கும்போது துல்லியமாக இருக்கும்படி இந்தச் சென்சார் வடிவமைக்கப்பட்டிருப்பதால், கணினி சும்மா இருக்கும்போது ஒரு கோர் 36 என்றும் அடுத்த கோர் 42 என்றும் காட்டினால் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. அந்த நிலையில் அவ்வளவு வேறுபாடு சென்சாரின் இயல்பே.

ஏஎம்டி ரைசன் பிராசசர்களில் ‘டிசிடிஎல்’ (Tctl) என்றும் ‘டிடை’ (Tdie) என்றும் இரண்டு பெயர்களைக் காணலாம். முன்னது விசிறியைக் கட்டுப்படுத்துவதற்கான எண். பின்னது சில்லின் உண்மையான வெப்பநிலை. பெரும்பாலான மாடல்களில் இரண்டும் ஒன்றே. ஆனால் 2017இல் வந்த ரைசன் 7 1700எக்ஸ், 1800எக்ஸ் ஆகியவற்றில் முன்னது 20 பாகை கூடுதலாகவே காட்டும். இவற்றை வைத்திருப்பவர்கள் டிடை வரியைத்தான் பார்க்க வேண்டும்.

எந்த எண் அபாயம் என்ற கேள்விக்கு எல்லாக் கணினிகளுக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. ரைசன் 7 7700எக்ஸ் முழுப் பளுவில் 95 பாகையைத் தொட்டு அங்கேயே நிற்பது அதன் வடிவமைப்பின்படி சரியானது. அதே தலைமுறையைச் சேர்ந்த 7800எக்ஸ்3டி மாடலின் வரம்போ 89 பாகைதான். ஆகவே உங்கள் பிராசசரின் மாடல் எண்ணைக் கொண்டு, தயாரிப்பாளரின் பக்கத்தில் உச்ச வரம்பு என்ன என்பதைத் தேடிக் குறித்து வைத்துக்கொண்ட பிறகே மேற்கொண்டு செல்ல வேண்டும். கிராஃபிக்ஸ் கார்டுக்கும் இது பொருந்தும்: பொது வெப்பநிலையைவிட, சில்லின் மிகச் சூடான இடத்தைச் சொல்லும் ‘ஹாட் ஸ்பாட்’ வரி எப்போதும் உயர்ந்தே இருக்கும். ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 5700 எக்ஸ்டி போன்ற கார்டுகளில் அது 110 பாகை வரை செல்வது அனுமதிக்கப்பட்டதே.

என்விஎம்இ எஸ்எஸ்டி எனும் வேகமான சேமிப்பகங்களுக்குப் பொதுவாக 70 பாகை எல்லையாகக் குறிப்பிடப்படுகிறது. பெரிய கோப்புகளைத் தொடர்ந்து நகலெடுக்கும்போது வேகம் பாதியில் விழுந்தால் இந்த வரியைப் பாருங்கள்.

மதர்போர்டின் பகுதியில்தான் வீண் அச்சங்கள் பிறக்கின்றன. மதர்போர்டின் வெப்பநிலையையும் விசிறி வேகத்தையும் படிக்கும் நுவோடான், ஐடிஇ போன்ற நிறுவனங்களின் சில்லுகளில் பல சென்சார் முனைகள் இருக்கும். மதர்போர்டு தயாரிப்பாளர் அவை எல்லாவற்றையும் இணைப்பதில்லை. எதனோடும் இணைக்கப்படாத முனை 127 என்றோ பூச்சியத்துக்குக் கீழான எண் என்றோ காட்டிக்கொண்டிருக்கும். கணினி சும்மா இருந்தாலும் கடுமையாக உழைத்தாலும் ஓர் எண் அசையாமல் நிற்குமானால் அந்த வரியைத் தயங்காமல் மறைத்துவிடலாம்.

இனிச் சோதனை. கணினியை இயக்கிப் பத்து நிமிடம் சும்மா விட்டுவிட்டு, அறையின் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். சாளரத்தின் அடிப்பகுதியில் உள்ள கடிகாரப் பொத்தானை அழுத்தினால் பழைய உயர்வு தாழ்வுகள் அழிந்து கணக்கு புதிதாகத் தொடங்கும். அதனருகில் உள்ள பதிவுப் பொத்தானை அழுத்தி, கோப்புக்கு ஒரு பெயர் கொடுத்தால், இரண்டு நொடிகளுக்கு ஒருமுறை எல்லா அளவுகளும் அட்டவணையாகத் திறக்கத்தக்க சிஎஸ்வி கோப்பில் சேரும். பின்னர் பிராசசருக்கு முழுப் பளு கொடுக்கும் சினிபெஞ்ச் போன்ற சோதனை மென்பொருளைக் குறைந்தது பத்து நிமிடம் ஓடவிடுங்கள். ஒரு நிமிடச் சோதனை எதையும் நிரூபிக்காது. பிராசசரின் சூட்டை உறிஞ்சி வெளியேற்றும் உலோகப் பாகமான ஹீட்சிங்க் முழுவதும் சூடேறி நிலைபெறுவதற்கே சில நிமிடங்கள் ஆகும்.

முடிந்ததும் கோப்பை எக்செலில் திறந்து, நேரம், பிராசசரின் வெப்பநிலை, கோரின் வேகம், மின்நுகர்வு ஆகிய பத்திகளை மட்டும் வைத்துக்கொண்டு வரைபடம் போட்டால் உண்மை புலப்படும். வெப்பநிலை வரம்பைத் தொட்ட அதே இடத்தில் வேகம் சரிந்து, ‘தெர்மல் த்ராட்லிங்’ (சூட்டால் வேகம் குறைக்கப்படுதல்) வரி ‘யெஸ்’ என்று மாறியிருந்தால், சூடுதான் கணினியைத் தடுக்கிறது. ஆனால் மடிக்கணினிகளில் இன்னொரு காட்சி அடிக்கடி வரும்: தொடக்கத்தில் 45 வாட் எடுத்த பிராசசர் ஒரு நிமிடத்துக்குப் பிறகு 25 வாட்டுக்கு இறங்கும், வேகமும் உடன் இறங்கும், வெப்பநிலையோ 75 பாகையைத் தாண்டியிருக்காது. இது தயாரிப்பாளர் விதித்த மின்வரம்பு. பிராசசருக்கும் ஹீட்சிங்க்குக்கும் இடையில் பூசப்படும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றினாலும், அடியில் விசிறிப் பலகை வைத்தாலும் பெரிதாக எதுவும் மாறாது; செலவு செய்வதற்கு முன் இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்வதற்காகவே பதிவுக் கோப்பு தேவைப்படுகிறது.

பிறருடைய எண்களோடு ஒப்பிடும்போது அறை வெப்பநிலையைக் கழித்துவிட்டு ஒப்பிட வேண்டும். காற்றால் குளிரூட்டப்படும் எந்தக் கணினியும் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்திருக்க இயலாது. 22 பாகை அறையில் 72 காட்டும் கணினியும், மே மாத மதியத்தில் 36 பாகை இருக்கும் மதுரை அறை ஒன்றில் 86 காட்டும் கணினியும் ஏறத்தாழ ஒரே தரத்தில்தான் குளிர்கின்றன. மேலைநாட்டு விமர்சகரின் வீடியோவைப் பார்த்துவிட்டுத் தம் கணினி பழுதென்று எண்ணுவோர் இதைக் கவனிப்பதில்லை.

அன்றாடப் பயன்பாட்டுக்கு முழுச் சாளரமும் தேவையில்லை. பிராசசர் வரியின் மேல் வலது சொடுக்கு செய்து கடிகாரத்தின் அருகே அந்த எண் மட்டும் தெரியும்படி வைக்கலாம். அமைப்புகளில் உள்ள எச்சரிக்கைப் பகுதியில், வரம்புக்கு ஐந்து பாகை குறைவான எண்ணைக் கொடுத்து ஒலி எழுப்பச் செய்யலாம். சில நொடிகள் மட்டுமே நீடிக்கும் ஏற்றங்களுக்கு அது அலறாதபடி கால அளவையும் சற்று நீட்டி வைப்பது நல்லது. விசிறியையும் ஹீட்சிங்க்கையும் தூசி நீக்கிய பின்போ தெர்மல் பேஸ்ட் மாற்றிய பின்போ, அதே சோதனையை அதே கால அளவுக்கு மீண்டும் ஓட்டி, இரண்டு கோப்புகளிலும் அறை வெப்பநிலையைக் கழித்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேறுபாடு மூன்று பாகைக்குள் இருந்தால் அதை முன்னேற்றம் என்று கணக்கில் கொள்ள வேண்டாம்.