தெரியாக்கி சாஸ்: தண்ணீராக இருக்கும்போதே இறக்குங்கள்

தோக்கியோவில் நாங்கள் இருக்கும் நிஷிகசாய் பக்கம் ஒவ்வொரு ஏப்ரலிலும் புதிதாகச் சில தமிழ்க் குடும்பங்கள் வந்து சேரும். வந்த ஒரு மாதத்துக்குள் எல்லார் வீட்டு அடுப்பிலும் தெரியாக்கி ஏறிவிடும், அதாவது இனிப்பு கலந்த சோயா சாஸில் கோழியையோ மீனையோ மினுமினுக்கச் சமைப்பது. இங்கே உள்ள சமையலில் நம் நாக்கு சட்டென்று ஏற்றுக்கொள்வது அதைத்தான்.

போன சனிக்கிழமை அப்படி ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். அந்தப் பெண் அடுப்பில் இருந்த சின்னப் பாத்திரத்தைக் காட்டி, "அக்கா, பத்து நிமிஷமா கொதிக்குது, இன்னும் தண்ணியாவே இருக்கு. கொஞ்ச நேரம் விடட்டுமா?" என்று கேட்டாள். பதில் சொல்லுமுன் அடுப்பை அணைத்துவிட்டேன். பதினொரு வருஷத்துக்கு முன்னால் நானும் இதே மாதிரி ஒரு பாத்திரத்துக்கு முன்னால் நின்றேன். அணைக்கத்தான் பக்கத்தில் ஆள் இல்லை.

சர்க்கரையைக் கரைய விடுங்கள், தீயைக் குறையுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். ஆள் சொல்லாமல் பிடிபடாத தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் அளவு. ஷோயு, அதாவது ஜப்பானிய சோயா சாஸ், 4 மேசைக்கரண்டி. மிரின் என்கிற இனிப்பான சமையல் அரிசி மது 4, சாகே என்கிற அரிசி மது 4, சர்க்கரை 2. இங்கே மேசைக்கரண்டி என்றால் 15 மில்லி. ஆக ஷோயு, மிரின், சாகே ஒவ்வொன்றும் 60 மில்லி. நான்கு பேருக்குக் கோழி சமைக்க இது தாராளம்.

கெட்டியாகும்வரை கொதிக்க விடுவது

இந்த ஒரு தவறுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இன்றுவரை யார் வீட்டில் பார்த்தாலும் எனக்குப் பொறுப்பதில்லை. நல்ல மிரின் விலை கூடிய பொருள். அது கண்ணெதிரே புகைந்து வீணாவதைப் பார்க்க மனம் வராது.

நான் வந்த முதல் குளிர்காலத்தில் புரி மீன் நன்றாக வந்திருந்தது. குளிர் ஏற ஏறக் கொழுப்பு வைக்கும் மீன் அது. அதைத் தெரியாக்கி செய்வது இங்கே வீட்டுச் சமையலில் வழக்கம். வீட்டுக்கு விருந்தாளிகள் வருகிறார்கள் என்று முந்தின நாள் இரவே ஒரு பாட்டில் மிரினையும் கொட்டி சாஸ் காய்ச்சினேன். கடையில் பாட்டிலில் பார்த்தது தேன்பாகு மாதிரி இருந்ததே, அந்தப் பதம் வரும்வரை விட்டேன். வந்தது. பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தேன். காலையில் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழவில்லை. வெந்நீரில் வைத்து இளக்கி மீன் மேல் ஊற்றினேன். முதல் வாயிலேயே உப்பு கரித்தது, அடியில் ஒரு கசப்பு. அத்தனை மீனும் வீண்.

என்ன நடந்தது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஷோயுவில் 100 மில்லிக்குச் சுமார் 16 கிராம் உப்பு. 60 மில்லி ஊற்றினால் பத்து கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. கொதிக்கும்போது தண்ணீரும் ஆல்கஹாலும்தான் போகும். உப்பு எங்கேயும் போகாது. முதலில் மொத்தம் 190 மில்லி வாக்கில் இருக்கும். அதை 60 மில்லியாகச் சுண்ட விட்டால், ஷோயுவைப் பாட்டிலிலிருந்து நேரே கரண்டியில் எடுத்து வாயில் விடுவது போலத்தான், கூடவே சர்க்கரை. அதையும் தாண்டினால் சர்க்கரை கருகிக் கசக்கும்.

சூடாக இருக்கும்போது பாகு எப்போதும் இளக்கமாகத்தான் தெரியும். இது நமக்குப் புதிதா என்ன? அதிரசத்துக்குப் பாகு வைக்கும்போது வாணலியைப் பார்த்தா பதம் சொல்கிறோம்? கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, விரலால் உருட்டிப் பார்த்துத்தானே சொல்கிறோம். இங்கே மட்டும் ஏன் கண்ணை நம்புகிறோம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இதற்கும் ஒரு சோதனை உண்டு. சின்னத் தட்டு ஒன்றை முன்கூட்டியே ஃப்ரீஸரில் வையுங்கள். ஆரம்பத்தில் நுரை பொடிப்பொடியாகப் பொங்கி, பாத்திரத்தை அசைத்தால் உடனே அடங்கும். ஐந்தாறு நிமிஷத்தில் குமிழ்கள் பெரிதாகி, மேலே ஒரு மினுமினுப்போடு மெதுவாக வெடிக்கத் தொடங்கும். அப்போது அரைக் கரண்டி எடுத்துக் குளிர்ந்த தட்டில் விட்டுச் சாயுங்கள். தண்ணீராக ஓடினால் இன்னும் ஒரு நிமிஷம். நல்லெண்ணெய் மாதிரி மெல்ல இறங்கினால் இறக்கிவிடுங்கள். பாத்திரத்தில் 120 மில்லி அளவு மிஞ்சியிருக்கும். தேன் மாதிரி தட்டிலேயே நின்றுவிட்டால் தாண்டிப் போய்விட்டது என்று அர்த்தம்.

இன்னொன்று. இந்த சாஸ் பாதிச் சமையல்தான். கோழியோடு பேனில் விழுந்ததும் மறுபடி கொதிக்கும், மறுபடி சுண்டும். முழுப் பதத்தையும் பாத்திரத்திலேயே முடித்துவிட்டால் பேனில் அது போகக்கூடிய இடம் கருகல் ஒன்றுதான். பக்கத்து வீட்டு ஜப்பானியப் பாட்டி அந்த மீன் கதையைக் கேட்டுவிட்டு என்னைத் தன் சமையலறைக்கு அழைத்துப் போய்க் காட்டினார். அவர் சாஸைத் தனியாகக் காய்ச்சவே இல்லை. மீன் வெந்ததும் நான்கையும் கலந்து பேனிலேயே ஊற்றினார். இரண்டே நிமிஷம். தெரி என்றால் மினுமினுப்பு, யாக்கி என்றால் சுடுவது என்று அன்றைக்குத்தான் அவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். கெட்டி என்கிற பேச்சே அந்தப் பெயரில் இல்லை.

ஏற்கெனவே சுண்டிவிட்டதா? முகர்ந்து பாருங்கள். கருகல் வாடை இல்லையென்றால் இரண்டு கரண்டி வெந்நீர் விட்டுக் கலக்கினால் மீண்டுவிடும். வாடை வந்துவிட்டால் கொட்டிவிடுங்கள். சர்க்கரை போட்டு மறைக்கப் பார்த்தால் கோழியும் சேர்ந்து போகும்.

மிரின் என்று எழுதியிருப்பதெல்லாம் மிரின் இல்லை

கடையில் ஒரே அலமாரியில் இரண்டும் நிற்கும். ஹொன் மிரின் என்பது ஒட்டரிசி, கோஜி (பூஞ்சை பிடிக்க வைத்த அரிசி), ஷோச்சு (காய்ச்சி வடித்த மது) மூன்றையும் சேர்த்து ஊற வைத்துச் செய்வது. அதில் 14 சதவீத அளவில் ஆல்கஹால் உண்டு, சட்டப்படி அது மதுவகை. மிரின்-ஃபூ என்பது சர்க்கரைப் பாகு சேர்த்து அதன் சுவைக்குத் தயாரித்தது, ஆல்கஹால் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. விலையும் குறைவு. இரண்டிலும் சாஸ் வரும். ஆனால் மிரின்-ஃபூ போட்டால் சர்க்கரையை ஒரு கரண்டி குறையுங்கள், இல்லாவிட்டால் தித்திப்புத் தூக்கலாகிவிடும்.

மது வீட்டுக்குள்ளேயே கூடாது என்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொதித்தால் எல்லாம் ஆவியாகிப் போய்விடும் என்று சொல்வார்கள். முழுவதும் போகாது, கொஞ்சம் தங்கும். ஆகவே சாகேயும் வேண்டாம், இரண்டு வகை மிரினும் வேண்டாம். ஷோயு, சர்க்கரை, தண்ணீர் மூன்றில் செய்யுங்கள். ஷோயுவிலேயே புளிக்கும்போது ஆல்கஹால் கொஞ்சம் வரும் என்பதால், கண்டிப்பாகப் பார்ப்பவர்கள் ஹலால் முத்திரை உள்ளதாக வாங்கிக்கொள்ளலாம். வாசம் ஒரு படி குறையும், மினுமினுப்பு நன்றாகவே வரும்.

உசுகுச்சியை உப்புக் குறைவு என்று நினைப்பது

உசுகுச்சி ஷோயு நிறத்தில்தான் வெளிர். உப்பு கொய்குச்சி என்கிற சாதாரணக் கருநிற ஷோயுவைவிடக் கூடுதல், 18, 19 சதவீதம்வரை போகும். தெரியாக்கிக்கு கொய்குச்சிதான். உப்புக் குறைவாக வேண்டும் என்றால் கெனென் என்று எழுதிய பாட்டிலைக் கேட்டு வாங்குங்கள்.

சோளமாவு

வேண்டாம்.

பூண்டு, அன்னாசி

அது ஹவாய் வழி. அங்கே குடியேறிய ஜப்பானியர்கள் கையில் கிடைத்ததைச் சேர்த்து வளர்த்த ருசி, அதுவும் நல்ல ருசிதான். 1976-இல் தோஷி கசஹாரா சியாட்டிலில் கடை திறந்த பிறகு அந்த ஊருக்கென்றே ஒரு தெரியாக்கி பிரபலமானது. ஆனால் அமெரிக்கக் குறிப்பைப் பார்த்துப் பாதி, ஜப்பானியக் குறிப்பைப் பார்த்துப் பாதி என்று கலக்காதீர்கள். அங்கே ஒரு கப் 240 மில்லி, இங்கே 200. உப்பும் இனிப்பும் அங்கேயே தடம் மாறிவிடும்.

சாஸை முதலிலேயே ஊற்றுவது

கோழியை சாஸில் ஊறவைத்து அப்படியே பேனில் போட்டால் உள்ளே பச்சையாக இருக்கும்போதே வெளியே கருத்துவிடும். தொடைக்கறியைத் தோல் கீழே இருக்கும்படி வைத்து, தோல் பொன்னிறமாகும்வரை தொடாமல் விடுங்கள். திருப்பி, முழுவதும் வேக விடுங்கள். அப்புறம் பேனில் இறங்கியிருக்கும் கொழுப்பைக் காகிதத்தால் ஒற்றி எடுங்கள். இந்த இடத்தைத்தான் எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். எண்ணெய் மிதந்தால் சாஸ் கறியில் ஒட்டாமல் வழுக்கிப் போகும், என்ன செய்தாலும் மினுமினுப்பு வராது. மீன் என்றால் முதலில் உப்புத் தூவிப் பத்து நிமிஷம் வைத்து, வரும் நீரைத் துடைத்துவிடுங்கள், கவிச்சி அதோடு போகும். தோஃபுவும் கத்தரிக்காயும் இதற்கு நன்றாகவே வரும். தோஃபுவை மட்டும் நன்றாக ஒற்றிவிட்டு லேசாக மாவில் புரட்டுங்கள்.

கொழுப்பை எடுத்த பிறகு சாஸை ஊற்றி, பேனைச் சாய்த்து, ஓரத்தில் சேர்வதைக் கரண்டியால் அள்ளி அள்ளிக் கறி மேல் விடுங்கள். ஒரு நிமிஷத்தில் குமிழ்கள் பெரிதாகும். கறி மேல் ஜன்னல் வெளிச்சம் பளிச்சென்று விழத் தொடங்கியதும் அணைத்துவிடுங்கள், பேனில் இன்னும் கொஞ்சம் சாஸ் ஓடிக்கொண்டிருந்தாலும் சரி. தட்டுக்கு வந்து சோற்றின் மேல் வைக்கும் நேரத்துக்குள் அது தானாகக் கெட்டிப்பட்டிருக்கும்.