செவன் சீட்டர் வாங்கும் முன்: நாங்கள் செய்த தவறுகளும் பலர் செய்யும் தவறுகளும்

இரண்டாவது குழந்தை பிறந்த ஆறாவது மாதம் அப்பாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. அப்பாவும் அம்மாவும் ஊரை விட்டு மதுரையில் எங்களோடு வந்து தங்கினார்கள். நான்கு பேர் இருந்த வீடு ஆறு பேர் வீடானது. இருந்த சின்ன காரில் எல்லோரும் சேர்ந்து கிளம்பினால் ஒருவர் ஆட்டோவில்தான் பின்னால் வரவேண்டும். சரி, ஏழு சீட் வண்டி எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தோம். ஆறு பேருக்கு ஏழு சீட், கணக்கு சரியாகத்தானே இருக்கிறது?

முதல் பயணம் சிவகங்கைப் பக்கம் குலதெய்வம் கோயிலுக்கு, சின்னவனுக்கு முடியிறக்க. கால் நீட்ட வேண்டும் என்று அப்பா முன்சீட்டில். நடுவரிசையில் இடப்பக்கம் குழந்தை சீட், நடுவில் மனைவி, அந்தப் பக்கம் அம்மா. பெரியவளுக்குக் கடைசி வரிசை. அவள் பின்னால் போக இடப்பக்க நடு சீட்டை மடக்க வேண்டும். அதில்தான் குழந்தை சீட் இறுகக் கட்டியிருக்கிறது. கடைசியில் ஒவ்வொரு இடத்தில் நிறுத்தும்போதும் ஏழு வயதுப் பெண் டிக்கி வழியாக ஏறி இறங்கினாள். பொங்கல் பானையும் அப்பாவின் வாக்கரும் அவளுக்குப் பக்கத்து சீட்டில் பயணம் செய்தன. ஏழு சீட் வண்டியில் ஆறு பேருக்கு இடம் போதவில்லை.

வண்டியின் மேல் குற்றமில்லை. நாங்கள் சீட்டை எண்ணினோம், ஆளை எண்ணினோம், யார் எந்த சீட்டில் உட்காருவார் என்று மட்டும் யோசிக்கவில்லை. ஷோரூமுக்குப் போகும் முன் ஒரு தாளில் மூன்று வரிசை கட்டம் போட்டு, வீட்டில் உள்ளவர்களின் பெயரை எழுதிப் பாருங்கள். முழங்கால் வலிக்காரர் எங்கே, குழந்தை சீட் எங்கே, வாந்தி எடுக்கும் பிள்ளை எங்கே, கடைசி வரிசைக்கு யார் போவார், எந்தப் பக்கமாகப் போவார். பத்து நிமிட வேலை. நாங்கள் இதைச் செய்திருந்தால் குழந்தை சீட்டை வலப்பக்கம் மாட்டியிருப்போம், அல்லது நடுவில் இரண்டு தனி சீட் உள்ள ஆறு சீட் மாடலைப் பார்த்திருப்போம். அப்படிப்பட்ட வண்டியில் நடுவே உள்ள சந்து வழியாகப் பிள்ளைகள் பின்னால் நடந்தே போய்விடலாம். ஆனால் வீட்டில் ஏழு பேர் என்றால் அந்தச் சந்துதான் இழந்த சீட். இரண்டும் ஒரே வண்டியில் கிடைக்காது.

டிக்கி எங்கே போனது?

பெரிய வண்டி என்றால் பெரிய டிக்கி என்று நினைப்பதுதான் அடுத்த தவறு. மூன்று வரிசையும் நிமிர்ந்திருக்கும்போது மிஞ்சும் இடத்தைக் கேளுங்கள். ரெனோ ட்ரைபரில் அது 84 லிட்டர், மாருதி எர்டிகாவில் 209, கியா கேரன்ஸில் 216, டொயோட்டா இன்னோவா ஹைகிராஸில் 300. விமானத்தில் கையோடு எடுத்துப்போகும் பெட்டி ஒன்று சுமார் 40 லிட்டர் இடத்தை அடைக்கும். பெட்டிகள் நெளிந்து கொடுக்காதவை என்பதால் 209 லிட்டர் என்றதும் ஐந்து பெட்டி என்று கணக்குப் போட வேண்டாம். மூன்று வைத்தால் அதிர்ஷ்டம். ஏழு பேர் இரண்டு நாள் கல்யாணத்துக்குப் போகும் சாமானை இதில் அடைக்க முடியாது.

ட்ரைபரில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. கடைசி வரிசை சீட்டுகளைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டால் டிக்கி 625 லிட்டராகிவிடும். பெரும்பாலான நாள் நான்கைந்து பேர்தான் என்றால் இது உண்மையிலேயே உபயோகமானது. ஆனால் ஏழு பேரும் சாமானும் ஒன்றாகப் போவது அதிலும் நடக்காது. எர்டிகா மாதிரி வண்டியில் சி.என்.ஜி. எடுத்தால் சிலிண்டர் உட்காரும் இடமும் டிக்கிதான். எரிபொருள் செலவு குறையும் என்று எடுத்துவிட்டு, ஊருக்குப் போகும்போது மேலே கேரியர் கட்டி கயிறு போட்டுக்கொண்டிருந்த ஒரு பக்கத்து வீட்டுக்காரரை எனக்குத் தெரியும்.

டிக்கி லிட்டர் கணக்கை நம்புவதைவிட எளிய வழி, வீட்டிலிருந்தே சாமானைக் கொண்டுபோவது. குழந்தைத் தள்ளுவண்டி, வாக்கர், ஒரு பெரிய பெட்டி. மூன்றாவது வரிசையில் ஆள் உட்கார்ந்திருக்க, கதவு மூடுகிறதா என்று பாருங்கள். விற்பனையாளர் சிரித்தால் சிரிக்கட்டும்.

மூன்றாவது வரிசையில் இருபது நிமிடம்

ஷோரூமில் எல்லோரும் செய்வது ஒன்றுதான். முன்னால் உட்கார்ந்து ஸ்டீயரிங் பிடிப்பார்கள், திரையைத் தடவிப் பார்ப்பார்கள், சன்ரூஃபைத் திறந்து மூடுவார்கள். மூன்றாவது வரிசையைக் குனிந்து எட்டிப் பார்த்து, "பிள்ளைகளுக்குத்தானே, போதும்" என்பார்கள். பிள்ளைகள் ஐந்து வருடத்தில் வளர்ந்துவிடுவார்கள், நாமோ வண்டியைப் பத்து வருடம் வைத்திருப்போம்.

சோதிக்க வேண்டிய முறை இது: உயரமானவர் ஓட்டுநர் சீட்டைத் தனக்கு வசதியாகத் தள்ளி வைத்துக்கொள்ளட்டும். அவருக்குப் பின்னால் ஒரு பெரியவர், அவருக்கும் பின்னால் இன்னொருவர். மூன்று பேரும் இருபது நிமிடம் அப்படியே இருக்க வேண்டும். பல வண்டிகளில் பின்வரிசைத் தரை உயரமாக இருப்பதால் தொடை சீட்டில் படியாது, முழங்கால் நெஞ்சருகே வந்துவிடும். இரண்டு நிமிடத்தில் இது தெரியாது. இருபதாவது நிமிடத்தில் இடுப்பு சொல்லிவிடும். காலை நுழைக்க நடு சீட்டுக்குக் கீழே இடைவெளி இருக்கிறதா, தலை பின்கண்ணாடியிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

ஏ.சி.யைச் சோதிக்க மாலை நேரம் போகாதீர்கள். சித்திரை வெயிலில் மதியம் இரண்டு மணிக்கு வெளியே நிறுத்திய வண்டியில் ஏறினால்தான் பின்வரிசையின் நிலைமை தெரியும். கூரையில் துவாரம் இருப்பதாலேயே குளிர்க்காற்று வரும் என்று சொல்ல முடியாது. சில வண்டிகளில் முன்னாலிருந்து வரும் காற்றையே ஒரு விசிறி இழுத்துப் பின்னால் தள்ளுகிறது. முன்பக்கம் குளிர்ந்த பிறகுதான் பின்பக்கத்துக்கு அதன் பங்கு.

பொலேரோ போன்றவற்றில் பின்னால் பக்கவாட்டில் பார்த்து உட்காரும் சீட் வரும். கிராமத்துப் பாதைக்கும் உழைப்புக்கும் அது நல்ல வண்டி, சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சீட்டில் குழந்தை சீட் பொருத்த முடியாது. சிறு பிள்ளைகள் உள்ள வீடு என்றால் அதைச் சீட் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம்.

குழந்தை சீட் பற்றியும் ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவுப்படி 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் கூட்டிப்போனால் 1,000 ரூபாய் அபராதம். அபராதத்தை விடுங்கள், முன்சீட்டில் கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போவதை இன்றும் தினமும் பார்க்கிறோம். ஏர்பேக் விரியும் வேகத்துக்கு அந்தக் குழந்தைதான் முதலில் எதிர்ப்படும். குழந்தை சீட்டை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி பெரும்பாலும் நடுவரிசையின் இரு ஓரங்களில்தான் இருக்கும். இரண்டு சின்னப் பிள்ளைகள் இருந்தால் நடுவரிசையின் இரு ஓரமும் அவர்களுக்கே போய்விடும். அப்புறம் தாத்தா பாட்டி எங்கே உட்காருவார்கள்? தாளில் போட்ட கட்டத்தை இப்போது இன்னொரு முறை பாருங்கள்.

ஏறுவதும் இறங்குவதும்

வீட்டில் பெரியவர்கள் இருந்தால், வண்டியின் அழகைவிட சீட்டின் உயரம் முக்கியம். நின்றபடியே பின்னால் சாய்ந்தால் உட்கார்ந்துவிடும் உயரம், அதாவது இடுப்பு உயரத்தை ஒட்டியது, முழங்காலுக்கு நல்லது. உயரமான எஸ்.யூ.வி.களில் புடவை கட்டிய அம்மா ஒரு கையால் கொசுவத்தையும் மறு கையால் கைப்பிடியையும் பிடித்து மலையேறுவது போல் ஏற வேண்டியிருக்கும். பக்கத்தில் படி பொருத்திக்கொள்ளலாம் என்பார்கள். இறங்கும்போது அந்தப் படி குறுகலாக இருந்து கால் சறுக்கினால் என்ன ஆகும் என்று கேளுங்கள். அப்பா அம்மாவை ஷோரூமுக்கே கூட்டிப்போங்கள், மூன்று முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். இதில் அவர்கள் சொல்வதுதான் தீர்ப்பு.

இதோடு சேர்ந்த விஷயம் நிறுத்தும் இடம். வேகன் ஆர் 3,655 மில்லிமீட்டர் நீளம், இன்னோவா ஹைகிராஸ் 4,755. ஒரு மீட்டருக்கு மேல் வித்தியாசம். கேட் உள்பக்கமாகத் திறந்தால் இந்த ஒரு மீட்டர்தான் கேட்டை மூட விடாமல் செய்யும். அகலமும் அப்படித்தான். அடுக்குமாடியில் இரண்டரை மீட்டர் அகலத்துக்குக் கோடு போட்டிருந்தால், 1,850 மில்லிமீட்டர் அகல வண்டியை நடுவில் நிறுத்தியதும் பக்கத்துக்கு 32 சென்டிமீட்டர்தான் மிச்சம். வாக்கரோடு இறங்க இது எப்படிப் போதும்? அந்தக் காலத்து ஆம்னியின் இழுத்துத் திறக்கும் கதவை நாம் கேலி செய்தோம். இப்போது அதன் அருமை எனக்குப் புரிகிறது.

ரோட்டில் இறக்கும்போது ஆகும் விலை

ஷோரூம் விலையை வைத்து வண்டியைத் தேர்ந்தெடுப்பது பெரிய சறுக்கல், அதிலும் தமிழ்நாட்டில். 2023 நவம்பரில் மாற்றியமைத்த ஆயுள் வரிப்படி, 5 லட்சத்திலிருந்து 10 லட்சம் வரை விலையுள்ள காருக்கு 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 சதவீதம். வரிக்கான விலை 9,80,000 என்றால் வரி 1,27,400. ஒரு படி மேலே உள்ள மாடலுக்கு ஆசைப்பட்டு அது 10,30,000 ஆனால் வரி 1,85,400. ஐம்பதாயிரம் கூடுதலான வண்டிக்கு ஐம்பத்தெட்டாயிரம் கூடுதல் வரி. 10 லட்சத்தைத் தாண்டினால் விற்பவர் நம்மிடம் முன்கூட்டியே பிடிக்கும் 1 சதவீத வரி (டி.சி.எஸ்.) தனி, அதை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

ஜி.எஸ்.டி.யும் 2025 செப்டம்பர் 22 முதல் மாறிவிட்டது. நான்கு மீட்டருக்குள் நீளமும் 1,200 சி.சி.க்குள் பெட்ரோல் எஞ்சினும் இருந்தால் 18 சதவீதம், பெரிய வண்டிகளுக்கு 40. மூன்று வரிசை வண்டிகளில் ட்ரைபர் அந்த 18-க்குள் வருகிறது. எர்டிகா, கேரன்ஸ், இன்னோவா எல்லாம் 40-இல். ட்ரைபர் ஏன் அவ்வளவு மலிவு என்று கேட்பவர்களுக்குப் பதிலில் பாதி இதுதான்.

இன்சூரன்ஸில் நாங்கள் ஏமாறப் பார்த்தோம். பழைய காருக்கு ஆறு வருடமாக கிளெய்ம் செய்யாததால் சேர்ந்த போனஸ் 50 சதவீதம் இருந்தது. அது வண்டியோடு போவதில்லை, உரிமையாளரோடு வருவது. பழைய வண்டியை விற்றதும் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் அதற்கான கடிதம் வாங்கிக் கொடுத்தால், புது வண்டிக்கு நேரும் சேதத்துக்காகக் கட்டும் பிரீமியத்தில் பாதி குறையும். கேட்காமல் யாரும் சொல்லவில்லை.

டீசலா, பெட்ரோலா, மலை ஏறுமா

பெரிய வண்டி என்றால் டீசல்தான் என்பது பழைய கணக்கு. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அது தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ள, கொஞ்ச நேரம் நிற்காமல் வேகமாக ஓட வேண்டும். தினமும் பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும் நான்கைந்து கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டியில் அது அடைத்துக்கொண்டு விளக்கு எரியும். வாரம் ஒருமுறையாவது நெடுஞ்சாலையில் ஓட்டுபவருக்குத்தான் டீசல். பத்து வருடமானால் டீசல் வண்டியை ஓட்ட விடமாட்டார்கள் என்ற பயம் டெல்லிப் பகுதி விதியைக் கேள்விப்பட்டு வந்தது, தமிழ்நாட்டில் அப்படி விதி இல்லை.

விற்பனையாளரோடு இரண்டு பேராகப் போய் ஓட்டிப் பார்த்துவிட்டு இழுவை நன்றாக இருக்கிறது என்று சொல்வதில் பயனில்லை. ஏழு பேர் என்றால் குறைந்தது 400 கிலோவுக்கு மேல் சுமை. ஒரு லிட்டர் எஞ்சின் அந்தச் சுமையோடு ஊருக்குள் ஓடிவிடும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் முதல் கியரைவிட்டு நகராது. நிறைய ஆள் ஏற்றும்போது டயர் காற்றையும் கூட்ட வேண்டும். எவ்வளவு என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரிலேயே இருக்கும்.

வாங்கத்தான் வேண்டுமா?

இந்தக் கேள்வியை நான் வாங்கிய பிறகுதான் கேட்டேன். ஒரு வருடம் நாட்காட்டியில் குறித்து வந்தேன். ஐந்து பேருக்கு மேல் எங்கள் வண்டியில் போன நாட்கள் பதினொன்று. மீதி நாளெல்லாம் மூன்றாவது வரிசையை மடக்கிப்போட்டு நான் தனியாக ஆபீஸ் போனேன். உங்கள் வீட்டிலும் இப்படித்தான் என்றால், நல்ல டிக்கியுள்ள ஐந்து சீட் காரும், கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் வாடகை வேனும் மலிவாகவே முடியும். தினமும் ஆறு பேர் போகும் வீட்டுக்கு இந்த யோசனை பொருந்தாது, அங்கே செவன் சீட்டர் தேவைதான்.

பழைய இன்னோவா தேடுபவர்கள் அதிகம். அது வாடகை வண்டியாக ஓடி, பிறகு ஓன் போர்டாக, அதாவது சொந்த உபயோக வண்டியாக, மாற்றியதா என்று ஆர்.சி. விவரத்திலும் சர்வீஸ் வரலாற்றிலும் பாருங்கள். மீட்டர் எண்பதாயிரம் காட்டி, பிரேக் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்து, நடு சீட்டின் நுரை பள்ளமாகி இருந்தால் எனக்கு மீட்டர் மேல் நம்பிக்கை வராது.

உங்கள் பழைய காரைக் கொடுக்கும்போதும் ஒரு வேலை பாக்கியிருக்கிறது. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் பணம் வாங்கினால் முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பெயர் மாறிவிட்டதா என்று எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் தெரியும். மாறும் வரை வாரம் ஒருமுறை பார்த்து, வாங்கியவருக்குப் போன் போட்டுக்கொண்டே இருங்கள். எங்களுக்கு அது மாற நான்கு மாதம் ஆனது.